எடப்புளி நாடு என்று ஒரு நாடு

அன்பு மகள் யமுனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மரவள்ளியும் மிளகும் நலம், உன் தங்கை கோகிலாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இதோடு ஒரு தாள் வருகிறது, அதனால்தான் தபால்.

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் புவியியல் வாத்தியார் புத்தகத்தைத் திறப்பதே பாவம் என்று நினைக்கிறார் போல. எல்லாவற்றையும் செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். அதனால் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி மேகமானாள், நாலு பேர் மலைத்தொடர் ஆனார்கள், உன் தங்கை தென்மேற்குப் பருவக்காற்று. காற்று வேகமாக ஓடி வந்து பெஞ்சில் மோதிவிட்டது. இப்போது மஞ்சள் பற்றோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மலையின் ஒரு பக்கம் மழை கொட்டுவதும் மறுபக்கம் காய்வதும் ஏன் என்று காட்டில் நின்று கை காட்டி அப்பாவுக்கே பாடம் எடுத்தாள். நீ அதே பாடத்தை ஒரு மாதம் கத்திப் படித்துப் பரீட்சைக்கு மறுநாளே மறந்தவள்.

முழங்கால் ஆறிவிடும் கண்ணு, ஆறாதது வேறு. தொட்டால் பதில் சொல்லும் பெரிய திரை ஒன்று வகுப்பில் மாட்டியிருக்கிறார்கள். நீ வாழும் நாடு எது என்று அது கேட்டதாம். இவள் எடப்புளி நாடு என்று எழுதினாள். வேறென்ன எழுதுவாள்? நம் மலையில் சில ஊர்கள் சேர்ந்தாலே அது ஒரு நாடுதானே. திரை சிவந்து தவளை மாதிரி கத்தியதாம், அடிவாரத்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். வாத்தியாரும் சிரித்தாராம், அதுவும் செய்து பார்த்துப் படிப்பதில் சேர்த்தி போல. சனிக்கிழமை விடுதியிலிருந்து பஸ்ஸில் வந்தவள், "எந்த நாடுன்னு கூடத் தெரியாதவளாம் நானு. இனிப் பள்ளிக்கூடம் போகலீங்கம்மா, மிளகு பறிக்கறேன்" என்று பையை மூலையில் போட்டாள். ஒரு வாரம் ஆகிறது. அப்பா கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார்.

அந்தத் திரையின் ஓரத்தில் உன் கம்பெனிப் பெயர் இருந்ததாம். தமிழில் வரும் புவியியல் கேள்வியெல்லாம் நான் போட்டதுதான் என்று பொங்கலுக்கு வந்தபோது ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனாயே. பெரிய உத்தியோகம்தான். கேள்வி போட்ட மகராசிக்குப் பிறந்த நாடு மறந்து போனது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உன் பழைய பெட்டியைக் கிளறியதில் ஆறாம் வகுப்பு நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, ஊர், அதற்குக் கீழே நாடு என்று போட்டு நீ எழுதியிருப்பதைப் பார். அந்தப் பக்கம்தான் இந்தத் தாள். கோகிலாவிடம் இன்னும் காட்டவில்லை, நீயே கொண்டு வந்து காட்டு. நான் சொல்லும் ஆறுதல் அவள் காதில் ஏறவில்லை, அதே தவறான விடை அக்காவின் கையெழுத்தில் இருந்தால் ஏறும்.

எட்டுக்கை அம்மன் உன்னைக் காப்பாள், தீர்க்காயுசாக இரு. பனி இறங்கிவிட்டது, ஸ்வெட்டர் மறக்காதே. அந்தக் கேள்வியைத் திருத்திவிட்டுப் பஸ் ஏறு.

இப்படிக்கு,
உன் அம்மா பெருமாயி,
நாடு: எடப்புளி நாடு.