தொட்டியை எடுக்கச் சொன்னது யார்

அன்புள்ள அக்கா,

ஈப்போவில் மகள் வீடு பழகிவிட்டதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்துக்காக மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் சீனர்களின் பசி ஆவிகள் மாதத்தில் நம் அடுக்குமாடிக்குக் கீழே, இறந்துபோன உங்கள் மகனுக்காகக் காகிதச் சட்டைகளை ஒரு இரும்புத் தொட்டியில் எரிப்பீர்கள். போன வருடம் பெயரில்லாத ஒரு புகாரால் நிர்வாகக் குழு அந்தத் தொட்டியை எடுத்துவிட்டது. அதைத் திரும்ப வைக்கக் கேட்கும் மனுவோடு நீங்கள் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தீர்கள்.

"ரொக்கியா, நீ கையெழுத்து போடு. மலாய்க்காரி நீயே போட்டுட்டா மத்தவங்க வாயை மூடிக்குவாங்க."

போட்டேன். "நீ ஒருத்திதான்டி எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மனு எடுபடவில்லை. நீங்களும் போய்விட்டீர்கள்.

புகார் எழுதியவள் நான்தான், அக்கா. என் கணவரின் இருமலுக்கு அந்தப் புகைதான் காரணம் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்களே தொட்டியைத் தள்ளி வைத்திருப்பீர்கள். நோன்புப் பெருநாள்தோறும் என்னோடு உட்கார்ந்து கெத்துப்பாட் சோற்றுக்கு ஓலைக்கூடு பின்னியவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தொட்டி போன பிறகும் இருமல் நிற்கவில்லை.

நேற்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன்.

"அப்போ மனுவுல கையெழுத்து போட்டது?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுவும் நான்தான்."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கார் நிறுத்துமிடத்தின் கோடியில் தொட்டியை மறுபடி வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

மகனுக்குச் சட்டை எரிக்க வந்தால் என் கதவைத் தட்ட வேண்டாம். புகை வந்ததும் தெரிந்துகொள்வேன். ஜன்னலைச் சாத்த மாட்டேன்.

மன்னிப்புக் கேட்கவும் கூசும்,
உங்கள் மாடி வீட்டுக்காரி