ஒன்பதாவது கேள்வி

7, செவ்வாய்

மேல்காற்று. தெருவெல்லாம் புழுதி. காபித் தம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மண்.

இதெல்லாம் நடக்கும் என்று நாலு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னவன் நான். டீக்கடையில் வைத்து சுப்பையாவிடம் சொன்னேன். இன்று அவனிடம் கேட்டால் "எப்பவே சொன்னீரு?" என்கிறான். வயசு. மறதி.

விஷயம்: தபால் வந்தது. டாப்-அப் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆங்கிலம் இரண்டு பக்கம், தமிழ் அரைப் பக்கம். அரைப் பக்கமே போதும். என் வீட்டுக்காரி கோமுவுக்குப் பதினாறாம் தேதி நெஞ்சில் ஆபரேஷன், மூன்று இடத்தில் அடைப்பு. அதற்குத் தங்கள் பங்கை இப்போது தர முடியாதாம். ஆஸ்பத்திரிக் குறிப்பில் "சர்க்கரை நோய், பதினைந்து வருடம்" என்று இருக்கிறதாம். எங்கள் விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" என்று இருக்கிறதாம். விளக்கம் வேண்டுமாம்.

யாரிடம் விளக்கம் கேட்கிறான்? தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம். ஆர்டரில் அலுவலக உதவியாளர் என்று இருக்கும். நடந்தது வேறு. நான் கண்ணைக் காட்டாமல் எந்தத் தாசில்தாரும் கையெழுத்துப் போட்டதில்லை. படிப்பு எட்டாம் வகுப்புத்தான். ஆனால் ஒரு தாளைத் தொட்டாலே அதில் என்ன தில்லுமுல்லு என்று விரல் சொல்லிவிடும்.

அந்த விண்ணப்பத்தை எழுதியது முருகேஸ்வரி. கோமுவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். இன்சூரன்ஸ் ஏஜென்ட். (பேர் நீளம். இனி மு.) நம் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். ஒன்பதாவது: வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உண்டா? நான் தெளிவாகச் சொன்னேன். உண்டு, கோமுவுக்குச் சர்க்கரை. அவள் "இல்லை"யில் டிக் அடித்துவிட்டாள். கமிஷன் புத்தி.

சரி, ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷக் கணக்கைச் சொன்னது யார்? நர்ஸ் மேல் சந்தேகம். கோமுவிடம் கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். மயக்க மருந்து குடுக்கப்போற டாக்டர்ட்ட பொய் சொல்லவா சொல்லுதிய?"

பேச்சை வளர்க்கவில்லை. நெஞ்சுவலிக்காரி.

வாங்க: பால், கேஸ் லைட்டர், கோ. மாத்திரை (இரவு ஒன்று குறைகிறது).

8, புதன்

திருநெல்வேலி. ஆறரை பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது, கண்டக்டருக்கு என்னைத் தெரியும். (தெரிந்த மாதிரி பார்த்தான்.)

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று தனி மேஜை. ஒரு பெண். விளக்க ஆரம்பித்தாள். நானே அவளுக்கு விளக்கிவிட்டேன். இரண்டு இடத்தில் திருத்தினாள், சின்னப் பிள்ளை என்று விட்டுக்கொடுத்தேன்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். பென்ஷனில் மாசாமாசம் பிடிக்கிற காப்பீடுதான் முதல் பானை. அதற்கு ஓர் உச்சவரம்பு. போன வருஷம் என் குடலிறக்க ஆபரேஷனிலேயே பாதிப் பானை காலி. முதல் பானை தீர்ந்த பிறகுதான் டாப்-அப் வாயைத் திறக்கும். அதுவரை அது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். செல்போனுக்குப் போடுகிற டாப்-அப் மாதிரி முதல் பானையையே திரும்ப நிரப்பிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது சுப்பையா. நான் இல்லை.

ஆக, கோமுவின் ஆபரேஷனில் பெரும்பங்கு டாப்-அப் கையில். அது வராவிட்டால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். அல்லது ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளக்கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

மேஜைப் பெண் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"சார், அன்னைக்கே சுகர் இருக்குன்னு சொல்லியிருந்தா பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும். மூணு வருஷம் வெயிட்டிங்னு போட்டிருப்பாங்க. அந்த மூணு வருஷமும் இப்ப முடிஞ்சிருக்கும். இன்னைக்கு ஒரு கேள்வி வந்திருக்காது."

"நான் சொன்னேம்மா!"

"யார்கிட்ட சார்?"

"ஏஜென்ட்கிட்ட."

"அப்படின்னா எழுத்துல கம்ப்ளெய்ன்ட் குடுங்க."

ஊர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, கடைக்கார அம்மாள் டைப் அடித்து அங்கிருந்தே கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள். ஒரு முழுப் பக்கம். மு. நீலப் பேனா வைத்திருந்தது, நான் "உண்டு" என்று சொன்னதும் அவள் ஒரு நொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது, எல்லாம் சேர்த்தேன். டைப் அடிக்கிற அம்மாளே உச்சுக்கொட்டினாள்.

சந்தேகப் பட்டியல்:
1. மு.
2. மேஜைப் பெண். தேவைக்கு மேல் சிரிக்கிறாள்.
3. கம்பெனி. தமிழை அரைப் பக்கத்தில் நிறுத்தியதில் உள்நோக்கம்.
4. சுப்பையா. காரணம் பிறகு.

11, சனி

கோயிலுக்குப் போய் புற்றுமண் எடுத்து வந்தேன். கோமு நெற்றியில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம். மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லியும் வத்தல் காயப்போட ஏறியிருக்கிறாள். இறங்கி வந்து கால் மணி நேரம் மூச்சு வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் மு. வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"மாமா, என் ஏஜென்ட் கோட் நம்பரை நிறுத்தி வச்சுட்டாங்க. இனி ஒரு பாலிசி போட முடியாது. ஏற்கனவே போட்டவங்களும் போன் பண்ணிக் கேக்காங்க, நீ எங்களுக்கும் தப்பா எழுதிட்டியான்னு. நீங்க என்ன எழுதிக் குடுத்திய?"

"நடந்ததை எழுதிக் குடுத்தேன்."

"என்ன நடந்துச்சு? நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே. நான் உண்டுன்னு சொன்னேன். சொன்னதோட விடல, மாத்திரைச் சீட்டையே ஒங் கைல குடுத்தேன்."

"மாத்திரைச் சீட்டா?" வாயைப் பிளந்துவிட்டாள். நடிப்பு நன்றாக வருகிறது. "மாமா, அன்னைக்கு சுதாவைப் பொண்ணு பாக்க வந்தாங்கள்லா? அவங்க முன்னாடி..."

"ஏட்டி, பேச்சை மாத்தாத."

"பாலிசி வந்ததும் போன் பண்ணுனேன்லா, வாசிச்சுப் பாருங்க மாமா, தப்பு இருந்தா உடனே சொன்னா திருத்திரலாம்னு. வாசிச்சியளா?"

வாசிக்காமலா. பாலிசியைப் பிரித்து மஞ்சள் வைத்து சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தவன் நான்.

மு. கோமுவைப் பார்த்தாள். கோமு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"நான் அன்னைக்கு அடுப்படியில கேசரி கிண்டிட்டிருந்தேன் தாயி" என்றாள். கோமுவையும் பட்டியலில் சேர்க்க வேண்டுமோ?

மு. புருஷனுக்கு விசைத்தறி. வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறதாம். வீடு நடப்பது இவள் வேலையில். அது எனக்கும் தெரியும். அதற்காக உண்மையை மாற்ற முடியுமா?

அவரைக்காய்ப் பொரியலில் உப்பில்லை. டாக்டர் உத்தரவு.

12, ஞாயிறு

புளியங்குடிச் சம்பந்தி வந்தார், கோமுவைப் பார்க்க. எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். ஒரு மஞ்சள் பை நிறைய எலுமிச்சம்பழம். எதற்கு இவ்வளவு? யோசிக்க வேண்டும்.

கம்பெனி விஷயம் யார் சொன்னார்களோ (மகள் சுதாதான், மாமனாருக்கு எதையும் மறைக்க மாட்டாள்), எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

"சம்பந்தி, சாட்சி வேணும்னா நான் சொல்லுதேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நானும் இங்கனதான இருந்தேன்."

"ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றேன்.

"என்ன அலைச்சல்! நாலு மணிக்கு வரச்சொன்னிய, பஸ் சீக்கிரம் கெடச்சு மூணுக்கே வந்துட்டோம். நீங்க சட்டையைப் போட்டுக்கிட்டே ஓடியாறிய. அந்தப் பிள்ளை இந்தா, இந்த மூலையில பேப்பரும் கையுமா உக்காந்திருந்துச்சு. நீங்க ஒரு சத்தம் போட்டிய பாருங்க! 'எங்க வீட்டுல ஒரு நோய் நொடி கிடையாது, இல்லன்னு எழுதுத்தா'ன்னு. மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் போகையில எங்க வீட்டுக்காரி சொன்னா, திடமான குடும்பமாட்டு இருக்கு, முடிச்சிருவோம்னு."

தம்ளரில் காபி ஆறிப் போயிருந்தது. வேறு போட்டுத் தரவா என்று நானே எழுந்தேன். வழக்கமில்லாதது.

"ஒக்காருங்க சம்பந்தி. இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுக்காரிக்கு இருபது வருஷமா சர்க்கரை. உங்ககிட்ட சொன்னோமா? அன்னைக்கு மாத்திரையைப் பஸ்லயே முழுங்கிட்டுத்தான் எறங்குனா. இங்க வந்து நீங்க குடுத்த கேசரியை ரெண்டு கிண்ணம் தின்னுட்டு ராத்திரியெல்லாம் தலைசுத்து!"

கோமு சிரித்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. அவள் சிரிப்பை நிறுத்திய பிறகும் சம்பந்தி நிறுத்தவில்லை.

சம்பந்திக்கு ஞாபகசக்தி போதாது. வேறு யார் வீட்டையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார். மண்டிக்காரருக்கு நாளொன்றுக்கு நூறு முகம். எதைத்தான் நினைவு வைப்பார்?

சாப்பாடு முடிந்து அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கோமு பையைத் திறந்து பழத்தை எண்ணாமல் கூடையில் கொட்டினாள். "அப்ப அவங்களும் நம்மள மாதிரிதான்" என்றாள், பழத்தைப் பார்த்துக்கொண்டே.

13, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம். இன்று ஓடுகிற நாள் போல.

கம்பெனியிலிருந்து போன். விசாரணை ஆபீசர். நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறாராம். மதுரைப் பேச்சு, மரியாதை உண்டு. அதனால்தான் சந்தேகம்.

"ஐயா, ஏஜென்ட் பிழைன்னு தெரிஞ்சா உங்க கேஸைத் திரும்பப் பார்க்க வழியிருக்கு. நீங்களே மறைச்சிருந்தீங்கன்னா கஷ்டம்."

"எங்க குடும்பத்துல மறைக்கிற பழக்கமே கிடையாது சார்" என்றேன். போனை வைத்த பிறகு கை வேர்த்திருந்தது. புழுக்கம்.

சாயங்காலம் மு. மறுபடி. உட்காரவில்லை. ஒரு தாளை நீட்டினாள். அவள் கையெழுத்து, அவள் கையொப்பம். "வாடிக்கையாளர் சர்க்கரை நோய் உண்டு என்று கூறியும், என் கவனக்குறைவால் இல்லை என்று குறித்துவிட்டேன். இதற்கு நானே பொறுப்பு."

மூன்று தடவை வாசித்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன்.

"எதுக்குட்டி இது?"

"நாளைக்கு ஆபீசர் வந்தா குடுங்க மாமா. அத்தைக்கு ஆபரேஷன் நடக்கணும்லா."

"அப்ப ஒன் வேலை?"

"தறி இருக்கு."

மூன்று நாள் ஓடுகிற தறி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். கோமுவிடம் ஏதோ கேட்டாள், கோமு ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. காபி வேண்டாம் என்று போய்விட்டாள்.

இதில் என்ன சூது? சாயங்காலம் பூராவும் யோசித்தேன். கமிஷன் கிடையாது. பேர் கெடும். அந்த வேலையே போகும். அவளுக்கு இதில் ஒரு காலணா லாபம் இல்லை.

தாளைத் தொட்டாலே விரல் சொல்லும் என்று ஏழாம் தேதி எழுதியிருக்கிறேன். சொல்லத்தான் செய்தது. அதில் எழுதியிருப்பது பொய். ஆனால் அந்தப் பொய் அவளுடையது இல்லை.

பட்டியலில் 1, 2, 3, 4 நான்கையும் அடித்தேன். சுப்பையா மேல் காரணம் எதுவும் இருந்ததில்லை.

14, செவ்வாய், காலை

காற்றே இல்லை. கூடத்தைக் கூட்டி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாகிவிட்டது. எலுமிச்சம்பழச் சாறுக்கு ஏற்பாடு. ஆபீசருக்குச் சர்க்கரை உண்டோ என்னவோ, கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

கோமு தலைசீவிக்கொண்டே கேட்டாள்: "ஆபீசர்ட்ட நான் பேசவா, நீங்க பேசுதியளா?"

"நான் பேசுதேன்."

"என்ன பேசப்போறிய?"

மு. கொடுத்த தாளைக் கொண்டுபோய் கேஸ் அடுப்பில் காட்டினேன். கோமு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாம்பலைத் துடைக்கத் துணியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆபரேஷன்?" என்றேன்.

"வீட்டுப் பத்திரம் பீரோவுல மேல்தட்டுல இருக்கு" என்றாள். "மொதல்ல அந்தப் பிள்ளைக்குப் போனைப் போடுங்க."

போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட வேண்டும்.

மணி ஒன்பதே முக்கால். தெருவில் பைக் சத்தம், நம் வீட்டுக்கா தெரியவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன். ஆபீசரிடம் பேசும்போது வாய் தானாக வளைந்துவிடும், என் வாய் அப்படி. இங்கே ஒரு தடவை நேராக எழுதிவிட்டால் அங்கேயும் நேராக வரும்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தது உண்மை. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோமுவின் மாத்திரை டப்பாவை டிவிக்குப் பின்னால் தள்ளியது நான். மு. கேட்டது உண்மை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை சம்பந்திக்குக் கேட்காதபடி, குனிந்து, "மாமா, நெசமாத்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள். "உண்டு" என்று நான் சொன்னதாக எழுதினேனே, அதுவும் அந்த மாத்திரைச் சீட்டும்தான் நானாகக் கட்டியது.