பியானோவுக்கு அடியில் வயலின்கள்

அன்புள்ள அக்கா,

இந்த வாரம் முழுக்கக் கீபோர்டில் ஒலி அமைப்பதிலேயே போய்விட்டது. பியானோவுக்கு அடியில் வயலின்களை ஓர் அடுக்காக வைத்தேன், மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும்படி. விரல் எப்படி அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவில் வரும்படியும் செய்துவிட்டேன்.

நேற்று ஒத்திகையில் எல்லோரும் பாராட்டினார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த வயலினை எடுத்துட்டு வெறும் பியானோவை வாசிங்க, பாப்போம்."

வாசித்தேன். வலது கை மோதிர விரல் தானாகவே ஒரே கட்டையை இரண்டு முறை தட்டியது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா."

ஒரு நரம்பு டாக்டரின் எண்ணை எழுதித் தந்தார். போன் செய்தேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கும் வலது கையில்தான் நடுக்கம் தொடங்கியது. கடைசி வருஷம் நாம்தான் மாறி மாறி ஊட்டிவிட்டோம். அதைப் பற்றி நாம் பேசிக்கொள்வதே இல்லை.

கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன். கையால் எழுதினால்தான் கடிதம் என்பாயே, உன் கடைசி இரண்டு கடிதங்கள் மட்டும் ஏன் டைப் அடித்து வந்தன?

பதில் எழுத வேண்டாம். திங்கட்கிழமை நீயும் வா. சேர்ந்தே போகலாம்.

உன் தம்பி