அந்தப் பொடியை இன்றைக்குக் கொட்ட வேண்டாம்

என்னங்க,

காலை ஷிஃப்ட், கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்புமேல் மூடி இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் மூட்டுவலிப் பொடியில் கொஞ்சம் எடுத்துப்போய் எங்கள் லேபில் சோதிக்கக் கொடுத்திருந்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ருத்ரதாண்டவம்தான். நேற்று முடிவு வந்துவிட்டது. மூலிகையோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்றுதானே அதை வாங்கினீர்கள்?

"ரெண்டே நாள்ல கால மடக்க முடிஞ்சுது, இதுக்கு மேல என்னடி ஆதாரம் வேணும்?" என்று கேட்டீர்கள். வலி குறைந்தது நிஜம்தான். குறைத்தது ஸ்டீராய்டு. முகம் உப்பியதும் சர்க்கரை ஏறியதும்கூட அதனால் இருக்கலாம். நான் ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

"குப்பையில கொட்டித் தொலைங்க" என்று கத்தினேனே, அதை மறந்துவிடுங்கள். இத்தனை மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்தாம். டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்றைக்கும் வழக்கம்போல் பொடியைச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவோடு வரச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாராம்.

பதினோரு மணிக்கு என் தம்பி வண்டி கொண்டுவருவான். அவனிடம் எரிந்து விழாதீர்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பொடியை ஒரு ஸ்பூன் அளந்து கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். ஆமாம், நான்தான். அந்த டப்பாவைத் தொடமாட்டேன் என்றவளேதான்.

பி.கு. வீட்டுச் சாவி செருப்பு அலமாரியில்.

இன்னொன்று. ராத்திரி நான் பேசாமல் படுத்தது கோபத்தில் இல்லை. நேற்று நீங்கள் விசிலடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தீர்கள். அந்த லேப் முடிவுத் தாள் அப்போது என் பையில் இருந்தது.