எடை வராத வயல்கள்

இன்று காலை ஆபீஸில் என் மேசைக்கு ஒரு முடிவுப் பட்டியல் வந்தது. மக்காச்சோள விதைச் சோதனை. வரிசை முழுக்க நட்சத்திரக் குறிகள். அத்தனையும் நிஜமான வித்தியாசம்தான் என்று மென்பொருள் சத்தியம் செய்கிறது. மறுபடி மேலிருந்து படித்தேன். பக்கத்து மேசையில் நீ இருந்திருந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இவ்ளோ நல்லாவாடி இருக்கும்? எனக்கென்னமோ சரியாப் படல" என்றிருப்பாய்.

சின்ன வெங்காயத்தின் திருகல் நோய்க்குச் சில வயல்களில் மருந்து அடித்தும் சிலவற்றில் அடிக்காமலும் பார்த்தோமே, அந்தச் சோதனைதான் ஞாபகம் வந்தது. ஊருக்கு ஊர் மண் வேறு என்பதால் அதையும் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டோம். சில வயல்களிலிருந்து விளைச்சல் எடை வரவில்லை. மற்ற வயல்களைப் பார்த்து அந்த இடங்களைத் தோராயமாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி நிரப்பி, அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். எல்லா ஓட்டங்களின் முடிவையும் சேர்த்துச் சுருக்கினால், மருந்து பிரமாதம்! அடுத்த விதைப்புப் பட்டத்துக்கே எல்லா விவசாயிகளுக்கும் சிபாரிசு செய்துவிடலாம் என்று மேலதிகாரி குதித்தார். நானும்தான் குதித்தேன்.

நீ மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"எடை வராத வயலெல்லாம் ஏன்டி மருந்து அடிச்ச வயலாவே இருக்கு?"

"எடை போட மறந்திருப்பாங்க, விடு" என்றேன்.

"மறந்தாங்களான்னு போய்க் கேட்டுட்டு வந்துடுவோம், கெளம்பு."

ரஞ்சன்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வயல்காரர் வரப்பில் நின்றபடி நம்மைப் பார்த்துச் சிரித்தார். "எடை போட என்னங்க இருந்துச்சு? தாளெல்லாம் முறுக்கிக்கிட்டு அழுகிப்போச்சு. உழுதுட்டேன்." அடுத்த வயலிலும் அதே கதைதான். மருந்து தோற்ற வயல்களுக்கு, மருந்து பலித்த வயல்களின் எடையை வைத்து நிரப்பியிருந்தோம். சிபாரிசு அன்றோடு நின்றது. திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இல்லாதது ஏன் இல்லன்னு கேக்க மாட்டியாடி?" என்றாய்.

இவ்வளவு பேசியவள் எனக்கு என்ன செய்தாய்? கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துவிட்டு வருகிறேன் என்று உடையார்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனாய். போனை எடுத்தபோதெல்லாம் "சூப்பரா இருக்கேன்டி" என்று கணீரென்று சொன்னாய். எடுக்காத நாள்களில், தூங்கியிருப்பாய் என்று நானாகவே நிரப்பிக்கொண்டேன். உன் காரியத்தன்று உன் அம்மா சொன்னார்: "நல்லாருக்கற அன்னிக்குத்தான் போனை எடுப்பா. முடியாத அன்னிக்கு அமத்தி வெச்சுருவா."

அடிப்பாவி! உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

காலையில் வந்த பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டேன், விடுபட்ட வயல்கள் எவை, ஏன் விடுபட்டன என்று கேட்டு. சந்தேகப் பிராணி என்கிறார்கள் என்னை. சொல்லிவிட்டுப் போகட்டும். வேண்டியவர் யாராவது போனை எடுக்காவிட்டால், இப்போதெல்லாம் நான் காரணம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பஸ் ஏறிவிடுகிறேன்.