மாமிக்குச் சொல்லாமல் விட்ட வசனம்

பெப்ரவரி 11

என் நாட்குறிப்புக் கொப்பியே, குறை நினைக்காதே, மணி ஒன்று தாண்டிவிட்டது. ஷரோனுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். என்ர மனுசன் ஜெனிஸ்ரன் தொழிற்சாலையில், நைட் வேலை.

இன்று மாமியை, ஜெனிஸ்ரனின் அம்மாவை, இதய டொக்டரிடம் கூட்டிப் போனேன். வழக்கம்போல மொழிபெயர்ப்பு என் பாடு. திரையில் மாமியின் இதய வால்வு திறந்து திறந்து மூடியது. கண்ணை எடுக்க முடியவில்லை. உடம்பில் சேரும் தண்ணீரை இறக்கும் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் நுரையீரலில் தண்ணீர் கட்டும், உயிருக்கே ஆபத்து என்றார் டொக்டர். நான் மாமிக்குச் சொன்னது: "காலமை ஒண்டு போடட்டாம்." அவ்வளவுதான். மாமி பயந்த மனுசி.

பஸ்ஸில் மாமி கேட்டா: "அந்தாள் அவ்வளவு நேரம் கதைச்சுது, நீ ஒரு சொல்லுச் சொன்னாய். டெனிஷ் அவ்வளவு நீட்டுப் பாஷையோ பிள்ளை?"

சிரித்துச் சமாளித்தேன்.

மார்ச் 14

நாளை மதியம் பன்னிரண்டு மணியோடு மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் மூடுகிறது. ஜூனில் என் ஆய்வுகூடப் படிப்பு முடியும். இரத்தம் சோதிக்கிற வேலை உடனே கிடைக்கும். நான் வேலைக்குப் போனதும் ஜெனிஸ்ரன் நைட் வேலையை விடுவார் — கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதுதான் பேச்சு. இன்றும் வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே, "இன்னும் நாலு மாசம், ஷாமிலா" என்றார்.

மருத்துவம் படிக்க இன்னும் ஆறு வருஷம் என்று எந்த வாயால் சொல்வது? இருபத்தாறு வயதில, கைப்பிள்ளையோட, படிப்பு முடியிற நேரத்தில — எனக்கேன் இந்த ஆசை?

மார்ச் 15

11.52. அனுப்பிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

நுழைவுப் பரீட்சை. மாமியிடம் நூலகம் என்றேன். திரும்பி வந்தபோது ஷரோனைத் தூக்கிக்கொண்டு படியில் நின்று மூச்சு வாங்கினா. "வயசு போகுதெல்லே" என்றா. நானும் நம்பினேன்.

ஏப்ரல் 19, பெரிய சனி

விடியப்புறம் அம்புலன்ஸ். மாமிக்கு மூச்சு எடுக்கேலாமல் போச்சு. பெரிய வியாழன் பூசை, வெள்ளி சிலுவைப்பாதை — கோயிலில் எழும்பி எழும்பி ரொய்லெற்றுக்குப் போக வெட்கமென்று குளிசையை விட்டிருக்கிறா. இந்தக் கிழமை மட்டுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும்!

என்னால. நான்தான். ஒரே ஒரு வசனம். அதைச் சொல்ல எனக்கென்ன, வாய் நோவோ?

ஏப்ரல் 21

ஆஸ்பத்திரியில் மாமியிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் பயந்துபோடுவீங்கள் எண்டு..."

"பயந்திருந்தால் போட்டிருப்பன்."

கோபமே இல்லாமல் சொன்னா. அதுதான் தாங்கேலாமல் இருக்கு.

விண்ணப்பத்தை மீளப்பெறும் பக்கத்தைத் திறந்தேன். இந்த நானோ டொக்டராகிறது? மீளப்பெறாமலே மூடிவிட்டுப் படுத்தேன்.

மே 27

மீண்டும் அதே டொக்டர். இம்முறை ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன், சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதையும். மாமி இரண்டு கேள்வி கேட்டா, நல்ல கேள்விகள். முதன்முறையாக டொக்டர் என்னைப் பார்க்காமல் மாமியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

ஜூலை 27

ஜெனிஸ்ரன் கேக் வாங்கி வந்தார். நான் வேலைக்குப் போவேன் என்று நம்பி, செப்டெம்பரிலிருந்து பகல் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தாராம். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 28

நள்ளிரவில் முடிவு வந்தது. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது.

ஜெனிஸ்ரன், இனி எழுதுவது உங்களுக்கு. மாமிக்கு ஒரு வசனத்தை விட்டேன். உங்களுக்கு ஐந்து மாதத்தை விட்டுவிட்டேன். கொப்பியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைக்கிறேன். வேலையால் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கோ. கோபமெண்டால் கோபமெண்டே எழுதுங்கோ, எனக்குப் பயந்து ஒண்டையும் விடாதேங்கோ. வெள்ளிக்கிழமைக்குள் நான் பல்கலைக்கழகத்துக்கு ஓம் அல்லது இல்லை சொல்ல வேணும்.

கெதியாப் பதில் எழுதுங்கோ.