பால் குறைக்கும் ஒப்பந்தம்

மலாயா, 1934 ஆடி 12
சேசு மரி சூசை துணை

அன்புள்ள இசபெலுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? அம்மைக்கு இருமல் குறைஞ்சுதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. ரப்பர் விலை விழுந்ததால் வெள்ளைக்காரனும் ஒல்லாந்துக்காரனும் சயாம் ராஜாவும் கூடி, இனி அவரவர் நாட்டில் குறைவாகத்தான் ரப்பர் எடுப்பது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதைத் தமிழில் சொல்லும்படி துரை என்னிடம் சொன்னார். நானும் கணக்கெழுதும் கிராணி என்ற கெத்தில், "ராஜ்யங்கள் எல்லாம் சேர்ந்து பாலைக் குறைக்கச் சொல்லியாச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது ரப்பர் மரத்துப் பால். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் ஊற்றுகிற பால் என்று நினைத்துத் தாய்மார் என்னை வளைத்துக்கொண்டார்கள். "பச்சப்பிள்ளை குடிக்கிறது எந்த ராஜா கண்ணை உறுத்துது?"

விளக்கியதும் சிரித்தார்கள். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெள்ளையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "மரத்துப் பால் குறைஞ்சா எங்க வேலையும் குறையும். அப்போ பிள்ளைப் பால் குறையாதா, ஐயா?"

ராஜ்யங்கள் அடித்துக்கொள்ளாமல் ஒத்துப்போவது நல்லதுதான். ஒத்துப்போகும்போது இவளை யாரும் கேட்கவில்லை.

எனக்கும் இனி வாரத்தில் நாலு நாள்தான் வேலை. பயப்படாதே. கொஞ்சம் கருப்பட்டி கொடுத்தனுப்பு. பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டும். அவன் நீளத்துக்கு ஒரு நூல் அளந்து கடிதத்துக்குள் வை. எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று நானும் பார்த்துக்கொள்வேன்.

தபால் கட்டுகிறார்கள். ஏட்டி, நான் அனுப்புவது குறைந்தாலும் நீ உன் கஞ்சியைக் குறைக்காதே. அதற்கு நாம் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை.

உன்
ஏசுஅடிமை